ஸ்டூடியோ அலமாரியில் கிடந்த லென்ஸ்கள் இன்றைய கேமராவுக்கு ஆகுமா?

கேள்வி இதுதான்: சித்தப்பாவின் ஸ்டூடியோவைக் காலி செய்தபோது அலமாரியில் மூன்று லென்ஸ்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று ரஷ்யத் தயாரிப்பான ஹீலியோஸ் 44-2, 58 எம்எம். இன்னொன்று நிக்கான் கம்பெனியின் நிக்கார் 50 எம்எம் எஃப் 1.8, ஏஐ என்ற பழைய நிக்கான் லென்ஸ் வகை. மூன்றாவது கேனான் எஃப்டி 135 எம்எம் எஃப் 3.5. கேட்டவரிடம் சோனி ஏ6400 இருக்கிறது, அவர் தம்பியிடம் நிக்கான் டி5600. இவற்றில் போட முடியுமா, படம் நன்றாக வருமா, இல்லை விற்றுவிட்டுப் புது லென்ஸ் வாங்குவது மேலா?

மூன்றும் உங்கள் சோனியில் ஏறும். தம்பியின் நிக்கானில் நிக்கார் மட்டும்தான் உருப்படியாக வேலை செய்யும். ஆனால் அடாப்டருக்கு (லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் இடைவளையம்) பணம் கட்டுவதற்கு முன் லென்ஸ்களை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். மாட்டுவது சுலபம். பல வருடம் மூடிக் கிடந்த கண்ணாடி எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

பார்க்கும் முறை: அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். லென்ஸின் முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, அபெர்ச்சர் வளையத்தை (ஒளி நுழையும் துளையைக் கூட்டிக் குறைப்பது; எஃப் எண் சின்னதானால் துளை பெரிது) முழுத் திறப்புக்கு, அதாவது இங்கே 1.8, 2, 3.5-க்கு, கொண்டு வாருங்கள். போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கத்திலிருந்து நேராகப் பார்க்காமல் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்து அதையே செய்யுங்கள். வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த லென்ஸ்கூட இந்த வெளிச்சத்தில் பயமுறுத்தும், அதனால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அங்கங்கே தூசி மிதக்கும். அதை விட்டுவிடுங்கள், படத்தில் வராது. கண்ணாடிக்குள் ஊசிமுனை அளவு காற்றுக்குமிழ் ஒன்றிரண்டு இருக்கலாம், அக்காலக் கண்ணாடியில் அது சகஜம். முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்றிரண்டு இருந்தாலும் பரவாயில்லை. அதே கீறல் பின்கண்ணாடியில் இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அது படத்தை அதிகம் பாதிக்கும். ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கிளைவிட்டுப் பரவும் சிலந்தி வலை மாதிரியான இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் தோல் பைக்குள் வைத்துப் பூட்டிய லென்ஸ்களுக்கு வரும் முதல் வியாதி இதுதான். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் பழைய பை எவ்வளவு அழகாக இருந்தாலும் லென்ஸை அதில் திரும்ப வைக்காதீர்கள்.

இழை இல்லாமல் பால் படிந்த மாதிரி சீராக மங்கலாகத் தெரிந்தால், பெரும்பாலும் அது உள்ளே இருந்த கிரீஸ் எண்ணெய் ஆவியாகிப் படிந்த மூட்டம். இதைத் துடைத்து எடுக்க முடியும். வானவில் நிறத்தில் வளையங்களோ, ஓரத்தில் பளபளக்கும் திட்டோ தெரிந்தால், ஒட்டி வைத்த இரண்டு கண்ணாடிகள் விட்டுப்போகத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அதைச் சரி செய்யும் செலவுக்கு வேறொரு லென்ஸே வாங்கிவிடலாம்.

பூஞ்சைக்கு வருகிறேன். ஓரத்தில் லேசாக இருந்தால் படத்தில் எதுவும் தெரியாது. நடுவில் பரவியிருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்கள் வெளிறிப்போகும். சுத்தம் செய்யலாம், ஆனால் பூஞ்சை நீண்ட நாள் உட்கார்ந்திருந்தால் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருக்கும், இழை போனாலும் தடம் நிற்கும். யூடியூப் பார்த்து நீங்களே கழற்றலாமா என்றால், வேண்டாம் என்பேன். ஃபோகஸ் வளையத்துக்குள் இருக்கும் மரை, நாம் பாட்டில் மூடியில் பார்க்கும் ஒற்றை மரை அல்ல. பல இடங்களில் தொடங்கும் மரை. எந்த இடத்தில் கழன்றதோ அதே இடத்தில் திரும்பப் பிடிக்காவிட்டால் வளையம் நன்றாகச் சுற்றும், தூரத்தில் உள்ள எதுவும் ஃபோகஸ் ஆகாது. பழைய கேமரா மெக்கானிக் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அவர் கையில் கொடுங்கள்.

வெயிலில் காய வைத்தால் பூஞ்சை செத்துவிடும் என்று சொல்வார்கள். புற ஊதாக் கதிர் பூஞ்சையைத் தடுக்கும் என்பது சரிதான். ஆனால் லென்ஸ் என்பது பூதக்கண்ணாடியும்கூட. திறந்த லென்ஸை ஜன்னலோரம் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் திரைச்சீலை பற்றிக்கொள்ளும். பின்பக்கத்தை மூடாமல் வெயிலில் வைக்கவே கூடாது.

கண்ணாடி தேறிவிட்டது என்றால் அடுத்தது அடாப்டர். ஒவ்வொரு கேமரா வகைக்கும், லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் (மவுண்ட்) ஃபிலிம் அல்லது சென்சார் இருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. லென்ஸ் அந்தத் தூரத்தில் நின்றால்தான் தொலைவில் உள்ள மலையும் ஃபோகஸ் ஆகும். நிக்கான் எஃப் மவுண்டுக்கு அது 46.5 எம்எம். உங்கள் ஹீலியோஸின் எம்42 மரைக்கு ஏறக்குறைய 45.5. கேனான் எஃப்டிக்கு 42. இந்தக் கேமராக்களிலெல்லாம் நடுவில் வ்யூஃபைண்டருக்குப் படம் காட்டும் மிரர் ஏறி இறங்க இடம் வேண்டியிருந்ததால் இவ்வளவு தூரம். சோனியின் ஈ மவுண்டில் அந்த மிரர் இல்லை, தூரம் 18 எம்எம்தான். ஆக 46.5-லிருந்து 18-ஐக் கழித்தால் 28.5. நிக்காருக்கு வேண்டிய அடாப்டர் அந்த நீளமுள்ள வெற்றுக் குழாய், அவ்வளவுதான். ஹீலியோஸுக்கு 27.5, எஃப்டிக்கு 24. உள்ளே லென்ஸ் கண்ணாடியும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

இப்போது தம்பியின் டி5600-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தூரம் 46.5. ஹீலியோஸ் 45.5-ல் நிற்க வேண்டும், அதாவது கேமராவுக்குள் ஒரு எம்எம் புதைய வேண்டும். முடியாது. கண்ணாடி இல்லாத அடாப்டர் போட்டால் சுமார் மூன்றரை மீட்டருக்கு அப்பால் எதையும் ஃபோகஸ் செய்ய முடியாது, அதுவும் அடாப்டரின் தடிமனைக் கணக்கில் சேர்க்காமல். உள்ளே சின்னக் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் விற்கிறார்கள். அவை தூரத்தைச் சரி செய்யும், கூடவே படத்தைக் கெடுக்கும். எஃப்டி லென்ஸின் நிலைமை இன்னும் மோசம், 4.5 எம்எம் குறைகிறது. 1987-ல் கேனான் இஓஎஸ் வரிசையைக் கொண்டுவந்து மவுண்டை மாற்றியபோது, எஃப்டி லென்ஸ்கள் சொந்தக் கம்பெனியின் புதுக் கேமராவிலேயே ஒழுங்காக ஏறாமல் அநாதையாகின. 2008-க்குப் பிறகு உங்கள் சோனி போன்ற, மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வரத் தொடங்கியதும்தான் அவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

நிக்கார் மட்டும் டி5600-ல் அடாப்டர் இல்லாமலே ஏறும். ஆனால் அந்தக் கேமராவில் பழைய லென்ஸுக்கு லைட் மீட்டர் வேலை செய்யாது. எல்லாவற்றையும் கையால் வைக்கும் எம் மோடில் வைத்து, ஒரு படம் எடுத்துத் திரையில் பார்த்து, ஷட்டரைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். வ்யூஃபைண்டரில் ஃபோகஸ் கிடைத்ததற்கான பச்சைப் புள்ளி எரியும், அது ஒரு ஆறுதல். இதே லென்ஸை டி7200 போன்ற மேல்வரிசைக் கேமராவில் போட்டால், மெனுவில் குவியத்தூரத்தையும் (லென்ஸில் எழுதியிருக்கும் எம்எம் எண்) அதிகபட்ச அபெர்ச்சரையும் பதிந்துவிட்டால் மீட்டர் வேலை செய்யும். ஒரு எச்சரிக்கை: நிக்கான் ஏஐ முறையை (வளையத்தில் வைத்த அபெர்ச்சரைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு) கொண்டுவந்தது 1977-ல். அதற்கு முந்தைய நிக்கார் லென்ஸ்களை அந்த மேல்வரிசைக் கேமராக்களில் திணித்தால் மவுண்டின் ஓரத்தில் உள்ள சின்ன நெம்புகோல் உடைந்துபோகும். உங்களுடையது ஏஐ என்பதால் கவலையில்லை, ஆனால் யாராவது இன்னும் பழைய நிக்கார் கொடுத்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்டி அடாப்டரில் எல்லோரும் சிக்கும் ஒரு விஷயம் உண்டு. எஃப்டி லென்ஸின் அபெர்ச்சரை இயக்குவது பின்பக்கத்தில் உள்ள ஒரு நெம்புகோல். அடாப்டரில் ‘ஓப்பன்’, ‘லாக்’ என்று எழுதிய வளையம் இருக்கும். லென்ஸை மாட்டிய பிறகு அதை ‘லாக்’ பக்கம் திருப்பினால்தான் அபெர்ச்சர் வளையத்துக்கு உயிர் வரும். இல்லாவிட்டால் 3.5-லேயே நிற்கும், நீங்கள் 8 என்று நம்பி எடுத்துக்கொண்டிருப்பீர்கள். வளையத்தில் ‘ஏ’ அல்லது பச்சை வட்டம் இருந்தால் அதிலிருந்தும் வெளியே எடுத்துவிடுங்கள். ஹீலியோஸுக்கு வேறு தொல்லை: மரை முழுவதும் ஏறி நிற்கும்போது தூரக் குறிகள் மேலே வராமல் பக்கவாட்டில் போய் நிற்கலாம். பல எம்42 அடாப்டர்களின் ஓரத்தில் மூன்று பொடி ஸ்க்ரூ இருக்கும். அவற்றைத் தளர்த்தி உள்வளையத்தைத் திருப்பி நேர் செய்துகொள்ளலாம். மாட்டுவதற்கு முன் லென்ஸின் பின்பக்கத்தையும் மரையையும் ப்ளோவரால் நன்றாக ஊதிவிடுங்கள். பழைய அலுமினிய மரையிலிருந்து உதிரும் துகள் சென்சாரில் போய் உட்காரும்.

மாட்டியதும் பட்டனை அழுத்தினால் கேமரா அசையாது. அதற்கு லென்ஸ் இருப்பதே தெரியாது. மெனுவில் ‘ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்’ என்பதை எனேபிள் செய்யுங்கள். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் அடாப்டர் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். பிறகு மோடு ஏ. அபெர்ச்சரை லென்ஸில் நீங்கள் வைப்பீர்கள், உள்ளே வரும் வெளிச்சத்தை அளந்து ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஆட்டோ ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைப்பது) வைத்தால் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தைக் கையால் குறித்துவிடுங்கள், ஏனென்றால் லென்ஸ் எத்தனை எம்எம் என்று கேமராவுக்குத் தெரியாது. உங்கள் ஏ6400-ல் சென்சார் நடுக்கம் தாங்கும் வசதியும் இல்லை. அதனால் 50, 58-க்கு 1/125, எஃப்டி 135-க்கு 1/250-க்குக் கீழே போகாதீர்கள். சென்சாரே நடுக்கத்தைத் தாங்கும் கேமரா வைத்திருப்பவர்கள் குவியத்தூரத்தை மெனுவில் பதிய வேண்டும். அங்கே லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணையே போடுங்கள், சின்ன சென்சாருக்காக 1.5-ஆல் பெருக்கிய எண்ணை அல்ல.

இனி ஃபோகஸ். எல்லோரும் சொல்வது பீக்கிங்: கூர்மையான விளிம்புகள் சிவப்பில் மின்னும், மின்னினால் க்ளிக் செய். எஃப் 8-ல் அது போதும். எஃப் 2-ல் அதை நம்பினால் ஏமாற்றம்தான். கணக்குப் பார்ப்போம்: ஹீலியோஸை எஃப் 2-ல் வைத்து ஒன்றரை மீட்டரில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுக்கிறீர்கள். கூர்மையாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்துச் சுமார் 5 செ.மீ. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் நடுவே பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். பீக்கிங் மூக்கிலும் மின்னும், கண்ணிலும் மின்னும், காதோர முடியிலும் மின்னும். எனவே ஃபோகஸ் மேக்னிஃபையரை ஒரு பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய லென்ஸில் வளையத்தைத் திருப்பினால் தானாகப் பெரிதாகாது, பட்டன் அழுத்தினால்தான் ஆகும். ஏறக்குறைய ஆறு மடங்கில் கண் இமையைப் பிடியுங்கள். பன்னிரண்டு மடங்கு வரை போகலாம், ஆனால் கையில் பிடித்திருக்கும்போது ஆட்டம்தான் தெரியும். இமை கிடைத்ததும் வளையத்தை விட்டுவிடுங்கள். கடைசித் திருத்தத்தை உடம்பைத் துளி முன்னே பின்னே சாய்த்துச் செய்துகொண்டே மூன்று நான்கு ஃபிரேம் எடுங்கள், ஒன்று விழும். எஃப் 4-க்கு வந்தால் அந்த 5 செ.மீ. இரட்டிப்பாகும், வாழ்க்கையும் சுலபமாகும்.

ஹீலியோஸில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அபெர்ச்சருக்கு இரண்டு வளையம். ஒன்றில் எதுவரை மூடலாம் என்று குறித்து வைக்கிறோம், எஃப் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று க்ளிக் இல்லாமல் வழுக்கிக்கொண்டு எஃப் 2-க்கும் அந்த 4-க்கும் நடுவே ஓடும். முழுத் திறப்பில் வெளிச்சமாகப் பார்த்து ஃபோகஸ் செய்துவிட்டு, கண்ணை எடுக்காமல் வளையத்தைத் திருகினால் 4-ல் போய் முட்டி நிற்கும். க்ளிக் இல்லாததால் வீடியோ எடுப்பவர்களுக்கும் இதன்மேல் ஒரு கண்.

தெருவில் நடந்துகொண்டே எடுக்க நினைத்தால் வ்யூஃபைண்டரே வேண்டாம். நிக்காரை எஃப் 8-ல், 3 மீட்டரில் வைத்துவிட்டால் சுமார் 2.5-லிருந்து 3.7 மீட்டர் வரை உள்ளதெல்லாம் கூர்மை. இந்தத் தூரங்களுக்கு லென்ஸின் மேலேயே கோடு போட்டிருப்பார்கள். ஆனால் அது 35 எம்எம் ஃபிலிமுக்கான கணக்கு. உங்கள் சென்சார் சின்னது, அதனால் எஃப் 8-ல் எடுக்கும்போது 5.6-க்கான கோடுகளைப் பாருங்கள்.

படம் எப்படி இருக்கும்? நிக்கார் 50-ஐ எஃப் 4-ல் வைத்தால் நடுப்பகுதியில் இன்றைய லென்ஸுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். எஃப் 1.8-ல் வெளிச்சமான விளிம்புகளைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிப்புகை வரும், பின்னொளியில் கிளை ஓரங்களில் ஊதா நிறம் எட்டிப் பார்க்கும். எல்லாப் பழைய லென்ஸுக்கும் பொதுவான பலவீனம் எதிர்வெளிச்சம்தான். மேல்பூச்சு இன்றைய தரத்தில் இல்லை. லென்ஸின் முன்னால் வெளிச்சத்தை மறைக்கும் ரப்பர் ஹூட் ஒன்று வாங்கிப் போடுங்கள், நிக்காருக்கு 52 எம்எம், ஹீலியோஸ் 44-2-க்கு 49. மலிவான அடாப்டர்களின் உள்சுவர் பளபளவென்று இருந்தாலும் இதே வெளிறல் வரும். அங்கே கறுப்பு வெல்வெட் துண்டு ஒட்டினால் குறையும். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத படக் கோப்பு) எடுத்து கான்ட்ராஸ்ட்டை ஏற்றிக்கொள்ளுங்கள். ஃபைலில் அபெர்ச்சர் பதிவாகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹீலியோஸைப் பற்றி இணையத்தில் ஒரே புகழ்ச்சி. பின்னணி சுழன்று நிற்கும், அதுதான் காரணம். இதன் வடிவம் ஜெர்மனியின் ஸைஸ் பயோடார் 58 எம்எம் எஃப் 2-வை ஒட்டியது. ஓரத்துக்குச் சாய்வாகப் போகும் ஒளியை லென்ஸின் உடம்பே கொஞ்சம் வெட்டிவிடுவதால் வட்டமாக இருக்க வேண்டிய ஒளிப்புள்ளிகள் ஓரத்தில் பூனைக்கண்ணாக நசுங்கி, நடுவைச் சுற்றி வளையமாக அடுக்கப்பட்டுத் தெரிகின்றன. உங்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம்: ஏ6400-ன் சென்சார் அந்த ஓரத்தைத்தான் வெட்டிவிடுகிறது. சுழற்சி வரும், ஆனால் ஃபுல் ஃபிரேமில் (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) வருகிற அளவு வராது. எஃப் 2-ல் வைத்து, ஆள் ஒன்றரை இரண்டு மீட்டரில், பின்னால் சில மீட்டர் தள்ளி இலைகளுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக விழும் வேப்பமரம் மாதிரி ஏதாவது இருந்தால் நன்றாகத் தெரியும். வெறும் சுவர் பின்னணியில் அது வெறும் 58 எம்எம். அந்தச் சுழலுக்காக மட்டும் நான் இதைத் தூக்கிக்கொண்டு அலைய மாட்டேன். ஆனால் உங்கள் கேமராவில் இது 87 எம்எம் பார்வை தருகிறது, முகம் எடுக்க அருமையான அளவு. அதற்காகவே வைத்துக்கொள்ளலாம்.

எஃப்டி 135 உங்கள் கேமராவில் 200 எம்எம் அளவுக்கு நெருக்கிக் காட்டும். கோவில் கோபுரச் சிலைகள், கச்சேரி மேடை போன்ற அசையாத, அதிகம் அசையாத விஷயங்களுக்குச் சரி. ஓடும் குழந்தைக்குச் சரிவராது. கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக்கு இவற்றில் எதையும் நம்பாதீர்கள். ஆட்டோஃபோகஸ் உள்ள லென்ஸ்தான் அங்கே வேலைக்கு ஆகும்.

பழைய லென்ஸில் கதிர்வீச்சு இருக்கும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். சில லென்ஸ்களில் உண்மைதான். 60-களிலும் 70-களிலும் வந்த பென்டாக்ஸ் சூப்பர் டாகுமார் 50 எம்எம் எஃப் 1.4 போன்றவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி இருந்தது, வருடங்கள் போகப் போக அது மஞ்சளாகும். உங்கள் மூன்றும் அந்தப் பட்டியலில் வராது.

விற்பதா வைத்துக்கொள்வதா? நிக்கார் கண்ணாடி சுத்தமாக இருந்தால் விற்காதீர்கள், இரண்டு கேமராவிலும் பயன்படும். 135-ஐ ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், கை போகாவிட்டால் கொடுத்துவிடலாம். இதில் ருசி கண்டு மேலும் வாங்கத் தோன்றினால் பழைய 28 எம்எம், 24 எம்எம் லென்ஸ்களையும் பழைய ஜூம்களையும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் சென்சாரில் 28 என்பது 42 ஆகிவிடும், வைட் லென்ஸ் வாங்கியதற்கே அர்த்தமில்லை. அந்த இடத்தில் கேமராவோடு வரும் கிட் லென்ஸே மேல். மூன்றையும் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடும் சின்ன ஈரப்பத மீட்டரோடும் வையுங்கள். மீட்டர் 40-லிருந்து 50 சதவீதம் காட்டினால் நல்லது. 60-ஐத் தாண்டினால் ஜெல்லை வறுத்துப் போட வேண்டிய நேரம்.

டார்ச்சில் பார்க்கும்போது ஹீலியோஸுக்குள் பூஞ்சை நடுவரை வந்திருந்தால் ரிப்பேருக்குக் காசு போடாதீர்கள். சோவியத் காலத்தில் லட்சக்கணக்கில் செய்து தள்ளிய லென்ஸ் அது, ரிப்பேர் கூலிக்குப் பக்கத்தில் இன்னொன்றே கிடைக்கும். நிக்காருக்கு அப்படி நேர்ந்திருந்தால் மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.